மேடேறாத வழி

எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா. கற்றுக்கொடுத்தார் என்றால், தன் பெரிய கருப்பு சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார், அவ்வளவுதான். பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல். இடம், ஈரோடு பக்கம் கீழ்பவானி வாய்க்கால் கரை. ஒரு பக்கம் விழுந்தால் தண்ணீர், மறுபக்கம் வேலிமுள். அதனாலேயே சீக்கிரம் பழகிவிட்டது.

இப்போது வயது ஐம்பத்திரண்டு. சுகர் வந்ததால்தான் மறுபடி சைக்கிள் வாங்கினேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் சுகர் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே வாங்கிவிட்டேன். வீட்டில் சொல்ல ஒரு காரணம் அப்புறம்தான் கிடைத்தது.

போன செப்டம்பரில் பவானிசாகரில் கிளம்பி, வாய்க்கால் கரையோடு அறச்சலூர் வரை இரண்டு நாள் போனேன். அணை 1955இல் கட்டி முடித்தது. அங்கே பிறக்கும் வாய்க்கால் சத்தியமங்கலம், கோபி, பெருந்துறைப் பக்கமாக வளைந்து வளைந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆனால் கரையில் யாரும் கிலோமீட்டர் பேசுவதில்லை, இன்னும் மைல்தான். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இதை நம்பியிருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் விட்டிருந்தார்கள், அதனால் கரை தளும்ப ஓடிக்கொண்டிருந்தது.

சைக்கிள்காரனுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தண்ணீர் தானாக ஓட வேண்டுமே, அதற்காக மேட்டைச் சுற்றி, பள்ளத்தைத் தவிர்த்து, நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறாத மேட்டை நானும் ஏறவில்லை. என்ன, ரோட்டில் அரை மணியில் போகிற ஊருக்கு இங்கே ஒரு மணிக்கு மேல் ஆகும். இடப்பக்கம் நட்டு முடித்த நெல், வலப்பக்கம் சோளத்தட்டும் பனையும் நிற்கிற மேட்டுக்காடு. ஒரு வாய்க்கால் அகலத்தில் ஊரே மாறிவிடுகிறது.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாக ஓட்டினேன், நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாம் நாள் பெருந்துறை வாய்க்கால்மேட்டைத் தாண்டி, தூரத்தில் சென்னிமலை தெரிய ஆரம்பித்த இடத்தில் பின்சக்கரம் நொடித்தது. சீமைக்கருவேல முள். பையில் உப்புத்தாள் இருந்தது, சொல்யூஷன் இருந்தது, ஒட்டு இருந்தது. பம்பு மட்டும் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் நின்றார். "ஏனுங்க தம்பி, பஞ்சருங்களா?"

தோட்டத்துச் சாளைக்கு, அதாவது அவருடைய காட்டு வீட்டுக்கு, கூட்டிப் போனார். மாட்டுத் தொட்டியில் டியூபை அமுக்கிப் பிடித்தோம். முதலில் ஒன்றுமில்லை. மெதுவாகத் திருப்பத் திருப்ப, கடுகு மாதிரி குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தவர் நான் துடைத்து, தேய்த்து, ஒட்டும் வரை விரலை எடுக்கவே இல்லை. முள் டயருக்குள்ளேயே ஒடிந்து கிடந்தது. அதை ஊசியால் நெம்பி எடுத்ததும் அவர்தான். பேரனுடைய வண்டிக்கு வைத்திருந்த கால்பம்பு என் வால்வுக்குச் சரியாகப் பொருந்தியது. இடையில் அந்த வீட்டம்மா பெரிய சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். சுகர்க்காரன் தைரியமாகக் குடிக்கக்கூடிய ஒரே விருந்தோம்பல்.

காற்றடித்து முடித்த பின் பெரியவர் சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்தார்.

"என்ன வெலைங்க?"

பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே அவர் முகம் மாறியது.

"கேரியர் இல்லீங்களே?"

"இல்லைங்க ஐயா."

"ஒரு கட்டுச் சோளத்தட்டு வெச்சுட்டு வர முடியாது. அப்புறம் எதுக்குங்க இந்த வண்டி?"

அறச்சலூர் வரை யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. போன வாரம் கடையில் கேரியர் மாட்டச் சொன்னேன். மெக்கானிக் பையன், "சார், கியர் சைக்கிளுக்கு இது நல்லாவே இருக்காதுங்க" என்றான். மாட்டியாயிற்று. இப்போதைக்கு அதில் பம்பு மட்டும் போகிறது.