வேளாங்கண்ணிக்கு நடை, வழியெல்லாம் பிரார்த்தனை

அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நாகப்பட்டினத்திலிருந்து நடந்தே வருகிறேன் என்று ஆரோக்கிய மாதாவிடம் நேர்ந்திருந்தேன். முடிந்தது. அம்மா இப்போது அடுப்படிவரை தானாக நடக்கிறார், மாதாவுக்குத் தோத்திரம். ஆகஸ்ட் 29 திருவிழாக் கொடியேற்றம் முடிந்த கையோடு நானும் கிளம்பிவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று செருப்பில்லாமல் இறங்கியாயிற்று. தார் ரோடு கொதிக்கிறது, பாதி வழியில் குதிகால் கொப்புளம் உடைந்து, செபமாலையில் எத்தனையாவது மணி என்பதே மறந்துவிட்டது. அப்போதுதான் பின்னாலிருந்து காவி உடுத்திய ஒரு கூட்டம், மாதாவை ஒவ்வொரு புகழ்ப்பெயராகச் சொல்லி வேண்டும் மாதா பிரார்த்தனையைப் பாடிக்கொண்டே வந்து சேர்ந்தது. ஒரு பாட்டி எடுத்துக் கொடுக்கிறார், "தாவீது இராசாவின் உப்பரிகையே", மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". எங்கள் ஊர்க் கோயிலில் சின்ன வயதில் கேட்ட அதே ராகம், அதே இழுவை. 2020-இல் பிரான்சிஸ் பாப்பரசர் இந்தப் பிரார்த்தனையில் புதிதாகச் சேர்த்த மூன்று புகழ்ச்சிகளும் பாட்டியின் வரிசையில் இல்லை, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. நானும் சேர்ந்துகொண்டேன். கால் தானாக அந்தத் தாளத்துக்கு விழுந்தது, வலி இருந்தது, ஆனால் அதைக் கவனிக்க நேரமில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் "சார் ரூம் வேணுமா, ஏசி ரூம்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. மெழுகுவர்த்திக்காரர் ஒருவர் வேண்டாம் என்றாலும் விடுவதாக இல்லை, ஸ்பீக்கர் வேறு நாலு பக்கமும் அலறுகிறது. சரி, திருவிழா என்றால் இப்படித்தான்.

கோயிலுக்குள் நல்ல நெரிசல். மாதா முன்னால் நின்றது ரெண்டு நொடி இருக்குமோ என்னவோ, "நகருங்க, நகருங்க" என்று தோளில் கை விழுகிறது. வழி நெடுக யோசித்து வைத்திருந்த நன்றி வார்த்தைகள் ஒன்றும் நினைவில்லை. வாயில் வந்தது அந்தப் பாட்டியின் ராகத்தில் ஒரே ஒரு அடி: "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே". எனக்குத்தான் பாடினேன், ஆனால் பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற யாரோ ஒரு அண்ணன் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடித்துவிட்டார். அவர் வீட்டில் யாருக்கு என்ன உடம்போ. அழுதுவிட்டேன், வெட்கமே இல்லை.

மாதாவே, அம்மாவைத் திருப்பிக் கொடுத்தீரே, அந்த அண்ணன் கேட்டு வந்ததையும் கொடும். பாட்டிக்கு நல்ல சுகத்தைக் கொடும். அடுத்த வருஷம் அம்மாவும் வருவதாகச் சொல்கிறார், பஸ்ஸில்தான், அதற்கும் நீரே துணை.