மாட்டுத்தாவணியில் இறங்கி ஆரப்பாளையத்தில் ஏறுகிற கதை

மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் அட்லாண்டிக் கரையோரம் கயிறு போல நீண்டு கிடக்கும் அவுட்டர் பேங்க்ஸ் மணல் தீவுகளைக் காரிலும் படகிலுமாகச் சுற்றிவருவது என்று வீட்டில் முடிவாயிற்று. திட்டமிடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அலுவலகத்தில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். எக்செல்லைத் திறந்து, அரை மணிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம் என்று பூசிவைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் சுங்குடிச் சேலை மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை நாங்கள் குடியிருக்கும் கேரியிலிருந்து கிளம்பி, அந்தத் தீவுகளில் உள்ள நாக்ஸ் ஹெட் ஊர். சனிக்கிழமை 12-ஆம் எண் சாலையில் தெற்கே இறங்கி, கலங்கரை விளக்கம் பார்த்து, ஹாட்டரஸில் காரோடு படகேறி ஓக்ரகோக் தீவு. அந்தத் தீவுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் பாலம் கிடையாது. அங்கிருந்து இன்னொரு படகில் இரண்டேகால் மணி நேரம் போனால் சீடர் ஐலண்ட். ஞாயிறு நிதானமாக வீடு.

மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அரசுப் பேருந்துப் பணிமனையில் 28 ஆண்டு டைம் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் ஒரு அட்டவணையும் கைக்குக் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்தார்.

"முதல் படகுக்கு டிக்கெட் எவ்வளவு?"

"இலவசம் அப்பா. முன்பதிவும் கிடையாது. வரிசையில் முதலில் நிற்கும் கார் முதலில் ஏறும்."

"இரண்டாவது?"

"அதற்குக் கட்டணம் உண்டு, முன்பதிவும் உண்டு. அரை மணி முன்னதாகப் போய் நிற்காவிட்டால் இடம் போய்விடும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பணிமனையில் ஓட்டுநர்கள் நடுங்குவார்கள் என்று அம்மா சொல்லும் அதே துடைப்பு.

"முதல் படகு இறக்கிவிடும் இடமும், இரண்டாவது படகு கிளம்பும் இடமும் ஒன்றுதானா?"

வரைபடத்தைப் பெரிதாக்கினேன். இறங்குவது தீவின் வடமுனை. ஏறுவது தென்கோடியில் உள்ள ஊரில். நடுவே 20 கிலோமீட்டர் சாலை.

"நம் மதுரையில் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் இறங்கி, ஊருக்கு மறுபக்கம் ஆரப்பாளையம் நிலையத்தில் ஏறுகிற மாதிரி. நீ விட்டிருக்கும் இடைவெளி 45 நிமிடம். அதில் 30 நிமிடம் அவர்களுக்கு. மிச்சம் பதினைந்து. நடுவழியில் வேலிக்குள் குதிரைகள் நிற்குமாமே, பேரன் காரை நிறுத்தச் சொல்ல மாட்டானா? அந்தக் கரையில்தான் ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்தார்கள் என்று நேற்றுச் சொன்னாய். நீயும் பறந்து பார்."

அத்தோடு விடவில்லை. அந்த முதல் படகு முன்பெல்லாம் 40 நிமிடத்தில் கரை சேர்ந்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டார். இப்போது ஒரு மணிக்கு மேல் ஆவது ஏன்? வாய்க்காலில் மணல் மேடிட்டதால் சுற்றிப் போகிறது என்றேன்.

"1999-இல் அந்தப் பெரிய கலங்கரை விளக்கத்தையே கிட்டத்தட்ட 900 மீட்டர் தள்ளிக்கொண்டு போய் வைத்தவர்கள், மணலை அள்ள மாட்டார்களா?"

"அள்ளுகிறார்கள் அப்பா. கடல் திரும்பக் கொண்டுவந்து கொட்டுகிறது. 1718-இல் பிளாக்பியர்டு என்ற கொள்ளையனைப் பிடிக்க ஓக்ரகோக் வந்த படகுகளே அங்கே தரைதட்டின."

"அவர்கள் முன்பதிவு செய்திருந்தார்களா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. காரணம் வேறு. முன்பதிவுச் சீட்டை எடுத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. ஓக்ரகோக்கிலிருந்து சீடர் ஐலண்டுக்குப் போட வேண்டியதை, சீடர் ஐலண்டிலிருந்து ஓக்ரகோக்குக்குப் போட்டிருந்தேன். நாள் சனிக்கிழமைதான், திசைதான் தலைகீழ். ஊருக்கெல்லாம் திட்டம் போட்டுக் கொடுக்கிறவன் இதை எந்த வாயால் சொல்வது?

காலையில் அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பென்சில் கோடு, பணிமனைக் கையெழுத்து.

"டிரிப்பைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். நிச்சயமான வண்டியை முதலில் பிடி, நிச்சயமில்லாததைக் கடைசியில் வை. சனிக்கிழமை சீடர் ஐலண்டில் ஏறு, இரவு ஓக்ரகோக்கில் தங்கு. ஞாயிறு அந்த ஓசிப் படகு எத்தனை மணி காக்கவைத்தாலும் நமக்கென்ன? அதற்குப் பிறகு வீடுதான். சீட்டை மட்டும் எதிர்த்திசைக்கு மாற்றிவிடு."

என் முகத்தில் எப்படித்தான் அந்தப் பெருந்தன்மை வந்ததோ தெரியவில்லை. "நானும் அதைத்தான் யோசித்தேன் அப்பா. மாற்ற வேண்டியதே இல்லை, அப்படியே போட்டுவிட்டேன்" என்று சீட்டை நீட்டினேன்.

அப்பா சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். டைம் கீப்பரிடம் தேதி அச்சிட்ட தாளை நீட்டக் கூடாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

"பதிவு செய்தது செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு வியாழன். நேற்று நான் கேட்டபோது நீ வேறு திசை சொன்னாயே?"

அம்மா எழுந்து உள்ளே போனார். சிரிப்பதற்காகத்தான் போனார்.

பயணத்தில் குறையில்லை. பேரன் இரண்டு முறை காரை நிறுத்தச் சொல்லிக் குதிரைகளைப் பார்த்தான். படகில் அம்மா கொடுத்த இஞ்சி மரப்பாவைப் பக்கத்துக் காரில் இருந்தவர்களும் சாப்பிட்டார்கள். ஞாயிறு மதியம், ஓசிப் படகின் வரிசையில் எங்களுக்கு முன்னால் கார்கள் கண்ணுக்கெட்டிய வரை நின்றன. ஒரு படகுக்கு ஏறக்குறைய 40 கார்தான். முதல் படகு போயிற்று, இரண்டாவதும் போயிற்று. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

அப்பா மடக்கு நாற்காலியை வெளியே போட்டு, புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்து, காலண்டர் தாளில் ஒவ்வொரு படகும் கிளம்பிய நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டைக்காரர் கையசைத்தே கார்களை ஒரு சாண் இடைவெளியில் அடுக்கியதை வாய் திறந்து பார்த்தார். மூன்றாவது படகில் ஏறியதும் அந்த மஞ்சள் சட்டைக்காரரிடம் போய்த் தாளை நீட்டினார்.

"கையெழுத்துப் போடச் சொல்லப்பா" என்றார் என்னிடம்.