24 மணி நேரச் சிறுநீருக்காக மூன்று முறை மலை இறங்கினோம்

மகனுக்கு 14 வயது. எட்டாம் வகுப்புவரை அச்சடித்தது போல எழுதியவன், ஒன்பதாம் வகுப்பில் தன் பெயரை எழுதும்போதே கோட்டைத் தாண்டினான். டீ டம்ளரைக் கையில் கொடுத்தால் பாதி தரையில். அதற்கு முந்தைய ஆண்டு காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், தெளிந்துவிட்டான் என்று விட்டுவிட்டோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது கோத்தகிரியில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கோயம்புத்தூரில் பார்த்த மருத்துவருக்குத் தோன்றியது. உடனே கண் மருத்துவரிடம் அனுப்பினார். ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தபோது கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் இருந்தது. இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் குறைவு. உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் என்றுதான் தெரிகிறது, சிறுநீரில் இறங்கும் செம்பையும் அளந்துவிடலாம் என்றார். இவை எல்லாம் ஒரே நாளில் முடிந்தன.

அந்தச் சிறுநீரில்தான் நாங்கள் மூன்று வாரம் அல்லாடினோம்.

எங்கள் ஊரில் மாதிரி வாங்கும் இடத்தில் டப்பா கேட்டேன். "எந்த பாட்டிலாக இருந்தால் என்னம்மா, கழுவிக் கொண்டு வாருங்கள்" என்றார் அங்கிருந்தவர். தண்ணீர் பாட்டில்கள் இரண்டைக் கழுவி, ஒரு நாள் முழுவதும் பிடித்து, நாங்களே கோயம்புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனோம். பரிசோதனைக் கூடத்தில் பாட்டிலைப் பார்த்தவுடனே தள்ளிவைத்துவிட்டார்கள். அளப்பதோ மைக்ரோகிராம் கணக்கில். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் துளி உலோகம்கூட முடிவைக் கெடுத்துவிடும். அமிலத்தில் கழுவிய, உலோகம் கலக்காத டப்பாவில்தான் பிடிக்க வேண்டுமாம். சரி, அந்த டப்பாவைக் கொடுங்கள் என்றால் இருப்பு இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். மேட்டுப்பாளையம் வரை நான் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை என் கணவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, டப்பாவுக்காக மட்டும் போய் வந்தார்.

இதற்குப் போகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். டப்பாவைச் சோதனை செய்யும் கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சேர்க்கக் கூடாது. அதைக் கழித்துவிட்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மறுநாள் அதே நேரம்வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். மறுநாள் காலையில் போவதும் சேர்த்திதான். முதல் தடவை நாங்கள் இதையும் தப்பாகச் செய்திருந்தோம். பள்ளி நாளில் இது நடக்கவே நடக்காது, ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். முழு டப்பாவையும் கொடுத்துவிடுங்கள். மொத்த அளவு தெரியாமல் கணக்குப் போட முடியாது.

மூன்றாவது பயணத்தில் குஞ்சப்பனை அருகே யானை சாலையில் நின்றுவிட்டது. பலாப்பழக் காலம். முக்கால் மணி நேரம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு மேல் மாதிரி வாங்க மாட்டார்கள்; பத்து ஐம்பதுக்கு உள்ளே ஓடினேன். வாங்கிக்கொண்டார்கள்.

முடிவு 312 மைக்ரோகிராம். நூறைத் தாண்டினாலே இந்த நோயின் பக்கம்தான் கை நீளும் என்றார் மருத்துவர்.

வீட்டில் அதற்குள் பழி சுமத்தல் தொடங்கியிருந்தது. செம்புக் குடத்துத் தண்ணீரைப் பேரனுக்குக் கொடுத்தேனே என்று அத்தை அழுதார். தேயிலையில் கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு சட்டையோடு வீட்டுக்கு வந்திருக்குமோ என்று என் கணவர் தூங்கவில்லை. மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: செம்பு எல்லோர் உடம்புக்கும் வேண்டும். உயிரணு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதிக்கே செம்பு இல்லாமல் முடியாது. மிஞ்சுவதைக் கல்லீரல் பித்தநீரில் தள்ளி வெளியேற்றும். அந்த வேலைக்கான ஏடிபி7பி என்ற மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதாகவே வந்தால், செம்பு கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் தேங்கும். குடமோ தேயிலைக்கு அடிக்கும் மருந்தோ இதைக் கொண்டுவரவில்லை. ஆனாலும் குடத்தை இனிப் பரணில் ஏற்றிவிடுங்கள் என்றார். ஈரல், காளான், சாக்லேட், கொட்டை வகைகளுக்கும் தடை.

இந்த நேரத்தில்தான் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கும் என் பெரியம்மாவிடம், செம்பு புற்று அணுக்களைக் கொல்லும் என்று யாரோ சொல்லித் தாமிர பற்பத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பதறிப்போய் மகனின் மருத்துவரிடம் கேட்டேன். அவர் விளக்கினார்: மிகையான செம்பு, அணுவுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சில புரதங்களில் ஒட்டி அணுவைச் சாகடிக்கிறது என்பதை 2022இல் ஆய்வாளர்கள் காட்டியது உண்மை. அதற்குக் குப்ரோப்டோசிஸ் என்று பெயர். ஆனால் புற்றுக்கட்டி வளரவும் புது இரத்தக்குழாய் விடவும் செம்பு உதவுகிறது என்பதால், செம்பை உடலிலிருந்து குறைக்கும் மருந்தையும் மார்பகப் புற்றுநோயில் சோதித்திருக்கிறார்கள். ஒரே உலோகத்தை ஒருவர் ஏற்றிப் பார்க்கிறார், ஒருவர் இறக்கிப் பார்க்கிறார். இரண்டும் இன்னும் ஆராய்ச்சிதான். செம்பை விழுங்கினால் அது புற்று அணுவைத் தேடிப் போகாது, கல்லீரலுக்குத்தான் போகும். அன்று மாலையே பெரியம்மாவிடமிருந்து அந்தப் பொட்டலத்தை வாங்கி வந்துவிட்டேன்.

மகனுக்கு எழுதிய மருந்து, செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமின். கோத்தகிரியில் இல்லை, குன்னூரில் இல்லை. ஊட்டியில் ஒரு கடையில் சீட்டைப் பார்த்துப் பெனிசிலின் மாத்திரையை எடுத்து வைத்தார்கள். அட்டையைத் திருப்பிப் படித்திருக்காவிட்டால் வாங்கி வந்திருப்பேன். பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் கோயம்புத்தூரில்தான் கிடைத்தது. இப்போது இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கிறேன், ஏனென்றால் நடுவில் நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று செயலிழக்கும் ஆபத்து உண்டு. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுக்கிறோம். சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறார்கள்; முதலில் நடுக்கம் கூடினாலும் கூடலாம், கூடினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். நான்காம் மாதத்தில் டம்ளர் சிந்துவது நின்றது.

உடன்பிறந்தவர்களுக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு; அறிகுறி வரும்வரை காத்திருக்கக் கூடாது. மகளுக்கு 11 வயது, ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்கும் செருலோபிளாஸ்மின் குறைவு. டப்பாவைப் போன வாரமே வாங்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம்.