டப்பாவ காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாரு

1999-லேர்ந்து 2016 வரைக்கும், கணக்குக்கு பதினேழு வருஷம், மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஒரு சீனர் கடையோட ஸ்டோர்ல வேல பாத்தேன். என்ன வேலன்னு சொந்தக்காரங்க கேட்டா காளான் காய வெச்சு பத்திரமா வெக்கிற வேலன்னு சொல்லுவேன், சிரிப்பாங்க. அட அதுக்கெல்லாம் ஒரு ஆளா, காஞ்சதைத் தூக்கி டப்பாவுல போட்டு மூட வேண்டியதுதானேன்னு கேப்பாங்க. நானும் மொத ரெண்டு வருஷம் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க. சின்னப் புள்ளையில ரப்பர் ஷீட்ட காய வெக்கிற புகைக்கொட்டகைக்கு நானும் கூடப் போயிருக்கேன். ஷீட்டு வெளிய பாக்க நல்லா பழுப்பா இருக்கும், ஆனா அம்மா ஒன்ன எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிப்பாங்க, உள்ள எங்கயாச்சும் வெள்ளையா திட்டு தெரிஞ்சா இன்னும் ஈரம் போகலன்னு திரும்ப உள்ளயே தொங்க விட்டுருவாங்க. ஈரத்தோட அடுக்குனா பூசணம் பிடிச்சு கிரேடு எறங்கிரும், வெல போயிரும். இந்த ஒரு விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான், ஆனா கடையில வந்து திரும்ப அடிபட்டுத்தான் படிச்சேன்.

நாங்க வெச்சிருந்தது ரெண்டு வகை. சீனாவுலேர்ந்து காஞ்சே வர்ற ஷீத்தாகே, பெரிய மூட்டையில வரும், பிரிச்சு சின்ன பாக்கெட் போடுவோம். இன்னொன்னு பக்கத்துல வளக்குறவங்க கொண்டாந்து தர்ற சிப்பிக் காளான், அப்புறம் காது மாதிரி இருக்குற கருப்புக் காளான். இதுங்கள வளக்குறதே பால்மரத்து மரத்தூள் அடைச்ச பைலதான். அம்மா சீவுன மரம் கடைசில எனக்கு காளானா வந்து சேந்துச்சுன்னு நானே சொல்லி சிரிச்சிக்குவேன். பச்சக் காளான் பத்துல ஒன்பது பங்கு தண்ணிதான், பத்து கிலோ காய வெச்சா கையில நிக்கிறது ஒரு கிலோவோ கொஞ்சம் கூடவோ.

எனக்கு தொழில் சொல்லிக் குடுத்தது தவுக்கே, அதான் மொதலாளி, அவரு இல்ல, அவரோட அம்மா, அபோ. அப்பவே எழுபதுக்கு மேல, என்னைத் 'தங்கச்சி'ன்னுதான் கூப்புடுவாங்க, பேசுறது எல்லாம் கடை மலாய்தான். காய வெக்கிற மெஷின்லேர்ந்து எடுத்த காளான மூங்கில் தட்டுல போட்டு காதுகிட்ட வெச்சு ஆட்டுவாங்க. கலகலன்னு சருகு மாதிரி சத்தம் வரணும். தொம் தொம்னு வந்தா 'பெலும் கெரிங், தங்கச்சி'ன்னு, இன்னும் காயலன்னு அர்த்தம், திரும்ப உள்ள தள்ளிருவாங்க. அப்புறம் காம்ப ஒடிச்சுப் பாப்பாங்க, வளைஞ்சா காயல, பட்டுன்னு ஒடிஞ்சாத்தான் காஞ்சது. தலைய எல்லாரும் தொட்டுப் பாப்பாங்க, காம்பத்தான் யாரும் பாக்க மாட்டாங்க, ஈரம் ஒளிஞ்சிருக்கிறது அங்கதான். அவசரத்துக்கு சூட்ட ஏத்துனா வெளித்தோல் மட்டும் கெட்டியாயி உள்ள இருக்குற தண்ணி வெளிய வர வழி இல்லாம மாட்டிக்கும், பாக்க ஜோரா இருக்கும், ரெண்டு வாரத்துல வேலயக் காட்டிரும்.

2008-ல நான் பண்ணுன கூத்த சொல்லியே ஆகணும். தீபாவளி அந்த வருஷம் அக்டோபர் 27. அதுக்கு முந்தின சனிக்கிழம, வீட்டுல முறுக்கு சுடல, புள்ளைங்களுக்கு துணி எடுக்கல, மெஷின்ல கடைசி தட்டு சிப்பிக் காளான் இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. ஆற வெக்காம அப்படியே பெரிய பிளாஸ்டிக் டிரம்ல கொட்டி மூடிட்டு மோட்டார எடுத்துட்டு கெளம்பிட்டேன், மொத்தம் நாப்பது கிலோ, பச்சயா கணக்குப் போட்டா நானூறு கிலோ காளான். டிரம் இருந்த எடம் தகரக் கூரைக்கு நேர் கீழ. பகல்ல வெந்து போகும், ராத்திரி மழ பெஞ்சு சில்லுன்னு ஆயிரும், உள்ள இருக்குற சூடான காத்து மூடியில பட்டு தண்ணியா மாறி திரும்ப காளான் மேலயே சொட்டும். டிசம்பர்ல சீனப் பெருநாளுக்கு பாக்கெட் போடலாம்னு தெறந்தா மேல ஒரு அடுக்கு முழுக்க வெள்ளப் பஞ்சு. கீழ இருந்தது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, மேல உள்ளத மட்டும் தூக்கிப் போட்டுட்டு வித்துரலாமான்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணுச்சு, பொய் சொல்லல. அபோ மூந்து பாத்துட்டு எல்லாத்தையும் கொட்டச் சொல்லிட்டாங்க. பூசணம் கண்ணுக்குத் தெரியுற எடத்துல மட்டும் இருக்காது, அத கழுவியோ வெயில்ல போட்டோ சரி பண்ண முடியாது. தவுக்கே சம்பளத்துல கைய வெக்கல, ஆனா மூணு வாரம் என்கூட பேசல. அதுக்கு சம்பளத்தப் பிடிச்சிருந்தாலே தேவல.

அதுக்கப்புறம் எனக்குன்னு ஒரு பழக்கம் வெச்சிக்கிட்டேன். ஆறுன காளான கண்ணாடி ஜாடியில போட்டு ஒரு வாரம் மூடி வெச்சு தெனமும் பாப்பேன். கண்ணாடியில பனி பிடிச்சாலோ காளான் ஒன்னோட ஒன்னு ஒட்டுனாலோ திரும்ப மெஷினுக்குப் போகும். தாண்டி வந்தாத்தான் பாக்கெட். எடமும் மாத்துனோம், கூரைக்குக் கீழ வேணாம்னு உள் ரூம்ல, வெளிச்சம் படாம, தரையில வெக்காம பலகை மேல. இந்த ஊர் காத்துல எப்பவும் ஈரம் ஜாஸ்தி, நல்லா காஞ்ச காளான ஒரு மதியம் தெறந்து வெச்சீங்கன்னா சாயந்தரம் ரப்பர் மாதிரி வளையும்.

சிலிக்கா ஜெல்ல பத்தி எல்லாருக்கும் ஒரு தப்பான நம்பிக்க இருக்கு. அது காய வெக்கிற சாமான் இல்ல, காஞ்சத காஞ்சபடி காவல் காக்குற சாமான். அரைகொறையா காஞ்சதுல நாலு பொட்டலம் போட்டா அது குடிச்சு வயிறு முட்டி உக்காந்துக்கும், அவ்ளோதான். மொதல்ல நாங்க வாங்குனது நீலமா இருந்து ஈரம் குடிச்சா ரோஸாகுற வகை. அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, சாப்பாட்டுப் பொருள் பக்கத்துல வெக்கக்கூடாதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சு நிறுத்துனோம். இன்னொன்னு இரும்புத்தூள் பொட்டலம், இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ள இருக்குற ஆக்ஸிஜன இழுத்துக்கும். அது துருப்பிடிக்க கொஞ்சம் ஈரம் வேணும், சிலிக்காவோ அந்த ஈரத்தையே குடிக்கும், ரெண்டையும் ஒரே பையில போட்டு பணத்த வீணாக்குனதும் நாங்கதான்.

வண்டு இருக்கே, அது தனிக்கத. காளான்லயும் மல்லியிலயும் வர்ற அந்த சின்ன பழுப்பு வண்டு பிளாஸ்டிக்கையே ஓட்ட போடும். புதுசா வர்ற மூட்டைய நேரா ஸ்டோருக்குள்ள விடாம, பிரிச்சு பை பையா கட்டி ஒரு வாரம் மைனஸ் பதினெட்டு ஃப்ரீசர்ல போட்டுட்டுத்தான் சேப்போம், முட்டையும் சேந்து சாகும். வெளிய எடுத்த உடனே பிரிக்கக் கூடாது, பைய மூடுன மாதிரியே ஒரு நாள் விட்டு ரூம் சூட்டுக்கு வந்தப்புறந்தான் பிரிக்கணும். இல்லன்னா ஐஸ் தண்ணி கிளாஸ் மேல வேர்க்குற மாதிரி காளான் மேல வேர்த்துரும்.

ஒரு தடவ தோட்டத்துப் பையன் ஒருத்தன் வந்தான், இருபது இருக்கும். அக்கா, சிலிக்கா பொட்டலம் நூறு வேணும், காளான் ஒரு வருஷம் கெடாம இருக்க எப்படி வெக்கணும்னு கேட்டான். என்ன காளான்டான்னா முழிக்கிறான். மாட்டுச் சாணியில மழைக்கு மொளைக்கிறதாம், போதைக்கு. அதுல இருக்குற சைலோசைபினும் சைலோசினும் இங்க 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டத்துப் பட்டியல்ல இருக்குதுடா, கையில வெச்சிருந்தாலே நீ ஜெயிலுக்குப் போயிருவன்னு சொன்னேன். அதவிட எனக்கு பயம் வேற, அவன் பறிச்சது அவன் நெனைக்கிற காளான்தானான்னு யாருக்குத் தெரியும். மழ நின்னா புத்துக்காளான் பறிக்கப் போற எங்கம்மாவே கொஞ்சம் சந்தேகம்னாலும் தொட மாட்டாங்க. காஞ்சு சுருங்குனப்புறம் அபோவாலயே ஒன்ன ஒன்னுலேர்ந்து பிரிச்சு சொல்ல முடியாது. பொட்டலமும் குடுக்கல, வெவரமும் சொல்லல. அவன் வீட்டுல சொல்லியிருக்கணுமோன்னு இன்னிக்கும் அப்பப்ப தோணும்.

நான் நின்னப்புறம் தவுக்கே மகன் கடைய எடுத்துக்கிட்டாரு. வேக்குவம் மெஷின் வாங்குனாரு, நல்ல மெஷின்தான், ஆனா காஞ்ச ஷீத்தாகே காம்பு ஆணி மாதிரி இருக்கும், காத்த உறிஞ்சுனதும் உள்ளேர்ந்து பைய குத்திரும். போன வருஷம் ஒரு நாள் போன் பண்ணி, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்கன்னாரு. போனேன். பாக்கெட் எல்லாம் செங்கல் மாதிரி அழகா அடுக்கி இருக்கு. ஒன்ன எடுத்து காதுகிட்ட வெச்சு ஆட்டுனேன், வேக்குவம் போட்டதுல ஏது சத்தம். கத்திரி வாங்கி ஒரு பாக்கெட்ட வெட்டி தட்டுல கொட்டி ஆட்டுனேன். அவரும் குனிஞ்சு காதக் குடுத்தாரு.

'பெலும் கெரிங், தவுக்கே'ன்னேன்.