தாங் காலத்துக் கொலைக்கதை எழுத முதலில் சட்டப் புத்தகத்தைத் திறங்கள்

பழைய சீனாவில் நடக்கிற துப்பறியும் கதை எழுத உட்காருகிறவர்கள் கையில் முதலில் அகப்படுவது காகித விளக்கு, பட்டு அங்கி, மூங்கில் தோப்பு. இருக்கட்டும், கண்ணுக்கு அழகுதான். ஆனால் கதையின் முடிச்சுகள் கி.பி. 653-இல் வெளியான தாங் வம்சத்துச் சட்டத் தொகுப்பில் கிடக்கின்றன. எத்தனை அடி, எத்தனை சாட்சி, எத்தனை நாள் என்று எண்ணி எண்ணி எழுதிய புத்தகம் அது. அந்த எண்களைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கதை தானாக நகரும்.

இந்த வகைக் கதைகளில் அடிக்கடி நாயகனாக வரும் டி ரென்ஜியே (630–700) நிஜ மனிதர், பேரரசி வூவின் ஆட்சியில் அமைச்சர் பதவி வரை போனவர். நீதித்துறையில் இருந்தபோது 17,000 பேர் சம்பந்தப்பட்ட தேங்கிய வழக்குகளை ஒரே வருடத்தில் முடித்தார், ஒருவர்கூட முறையிடவில்லை என்று தாங் வரலாறு சொல்கிறது. 676-இல் ஒரு தளபதி, பேரரசர் தாய்சோங்கின் கல்லறை வளாகத்து சைப்ரஸ் மரத்தைத் தெரியாமல் வெட்டிவிட்டார். அப்போது ஆண்ட காவோசோங் தாய்சோங்கின் மகன். ஆத்திரத்தில் ஆளைக் கொல்லச் சொன்னார். இந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் மரண தண்டனை கிடையாது என்று டி விடாமல் வாதாடினார். தளபதி உயிர் தப்பினார். இதில் காலடித் தடமும் இல்லை, ரத்தக் கறையும் இல்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது.

மாவட்ட நீதிபதி என்று நாம் மொழிபெயர்க்கிற ஆள் உண்மையில் கலெக்டர், போலீஸ், மாஜிஸ்திரேட் மூன்றும் சேர்ந்தவர். ஒருவரைத் தெரிந்தே அநியாயமாகத் தண்டித்தால் அதே தண்டனை அவர் தலையில் விழும். அறியாமல் தப்பாகத் தண்டித்தால் தண்டனை வரிசையில் மூன்று படி குறைத்து. குற்றவாளியை அறியாமல் தப்பவிட்டால் ஐந்து படி குறைத்து. ஆகவே உங்கள் நீதிபதி தயங்க வேண்டும். இரண்டாம் அத்தியாயத்திலேயே அத்தனையும் கண்டுபிடித்துப் புன்னகைக்கிற நீதிபதி தாங் காலத்து ஆள் இல்லை.

அடித்து உண்மையை வரவழைக்கும் காட்சியைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அடிக்கலாம், சட்டம் அனுமதித்தது. ஆனால் மூன்று தடவைக்கு மேல் கூடாது. மொத்தம் 200 அடிக்கு மேல் கூடாது. ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் 20 நாள் இடைவெளி வேண்டும். அதாவது முதல் விசாரணைக்கும் மூன்றாவதற்கும் நடுவில் குறைந்தது 40 நாள். கதைக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது. நாற்பது நாளும் தாக்குப்பிடித்து ஒப்புக்கொள்ளாதவனை ஜாமீனில் விட வேண்டும். அதன் பிறகு அடி வாங்குவது யார் தெரியுமா, புகார் கொடுத்தவர்! கொலையுண்டவரின் அல்லது திருட்டுக் கொடுத்தவரின் வீட்டார் புகார் கொடுத்திருந்தால் மட்டும் இந்த விதி பொருந்தாது. பக்கத்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னும் நுணுக்கமானது: 70 வயதானவரையும், 15 வயதும் அதற்குக் குறைந்தவர்களையும், உடல் ஊனமுற்றவர்களையும் அடிக்கவே முடியாது. அவர்கள் விஷயத்தில் சாட்சிகளை வைத்துத்தான் தீர்ப்பு, அதுவும் குறைந்தது மூன்று சாட்சி. உங்கள் கொலையாளிக்கு 71 வயது, பார்த்தவர்கள் இரண்டே பேர் என்று வைத்துப் பாருங்கள். கொலையாளி யார் என்பது ஐந்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டாலும் வாசகர் புத்தகத்தை மூட மாட்டார். மூன்றாமவரை எங்கே தேடுவது? அப்படி ஒருவர் கிடைத்தாலும், அவர் கொலையாளியின் மருமகளாக இருந்துவிட்டால்? ஒரே வீட்டில் வாழ்கிற உறவினர் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சட்டமே இடம் தருகிறது, அவர்களைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. ராஜதுரோகம் போன்றவை விலக்கு. மகளே அப்பாமீது புகார் கொடுத்தால் அவளுக்குக் கழுத்தை நெரித்து மரண தண்டனை.

மொட்டைக் கடுதாசி உத்தியையும் கைவிடுங்கள், அல்லது சரியாகப் பயன்படுத்துங்கள். எழுதியவருக்கு 2,000 லி (ஒரு லி ஏறக்குறைய அரை கிலோமீட்டர்) தொலைவுக்கு நாடுகடத்தல். கையில் கிடைத்தவர் உடனே எரித்துவிட வேண்டும். அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு வருடம் கட்டாய உழைப்பு. அதை வைத்து விசாரணை தொடங்கிய அதிகாரிக்கு இரண்டு படி கூடுதல். நீதிபதியின் மேசையில் அப்படி ஒரு கடிதம் வந்து கிடக்கிறது, எரிப்பதற்கு முன் படித்துவிட்டார். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு நாவல் இருக்கிறது.

தலைநகர் சாங்கானில் இரவு நேரக் கொலை என்றால் முரசைக் கணக்கில் எடுங்கள். நகரம் சுவர் சூழ்ந்த நூற்றுச் சொச்சம் பேட்டைகளாகப் பிரிந்திருந்தது. அந்தியில் 400 அடி ஒலித்ததும் அரண்மனைக் கதவு சாத்தப்படும். பின்னும் 600 அடி ஒலித்து ஓய்ந்தால் பேட்டைக் கதவுகளும் மூடும். அதற்கு மேல் தெருவில் நடந்தால் மெல்லிய பிரம்பால் 20 அடி. அரசாங்க வேலை, நோய், பிரசவம், கல்யாணம் என்றால் அனுமதிச் சீட்டோடு போகலாம். ஒரு பேட்டையே பூட்டிய அறை ஆகிவிடுகிறது, கொலையாளி வெளியே போயிருந்தால் யார் பெயரிலாவது சீட்டு இருக்கும். இரவு நீண்டாலும் குறைந்தாலும் அதை ஐந்து சம ஜாமமாகப் பிரித்தார்கள், ஆகையால் குளிர்கால ஜாமம் கோடைகாலத்ததைவிட நீளம். ‘மூன்றாம் ஜாமம் முழுக்க வீட்டில்தான் இருந்தேன்’ என்கிற வாக்குமூலத்தை மாதம் பார்த்து எடை போட வேண்டும்.

பணத்தில் சறுக்குவது இன்னும் சகஜம். வெள்ளிக் கட்டியை மேசையில் வைத்து நகர்த்துவதெல்லாம் பல நூற்றாண்டு பிந்திய மிங் வம்சக் காலத்துக் காட்சி. தாங்கில் அன்றாடப் புழக்கம் செப்புக் காசும் பட்டுச் சுருளும். 621-இல் வந்த காசு ஒன்று ஏறக்குறைய 4 கிராம். ஆயிரம் காசு கோத்த சரம் ஒன்று 4 கிலோவுக்குமேல். லஞ்சம் நூறு சரம் என்று எழுதினால் 400 கிலோ. வண்டி வேண்டும், வண்டிக்காரன் வேண்டும், அவன் சாட்சியாகிவிடுவான். நல்லதுதானே. திருட்டின் மதிப்பையும் சட்டம் பட்டால்தான் அளந்தது: ஒன்றும் கிடைக்காத திருட்டுக்கு 50 அடி, ஐந்து சுருள் என்றால் ஒரு வருடம் கட்டாய உழைப்பு.

பிணப் பரிசோதனைதான் பெரிய பொறி. எலும்பை வேகவைத்துச் சிவப்புக் குடையின் கீழ் பார்ப்பது சோங் ட்ஸு என்ற நீதி அதிகாரி 1247-இல் எழுதி முடித்த கையேட்டில் உள்ள முறை. ஐந்து அடி நீளம், மூன்று அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில் (அவர்கள் அடி நம் அடியைவிடச் சற்றே பெரிது) குழி வெட்டி, கரி போட்டு மண் சிவக்கும்வரை எரிக்க வேண்டும். தீயை அகற்றி, 2 ஷெங் (அவர்கள் முகத்தல் அளவை) நல்ல மதுவும் 5 ஷெங் புளிக்காடியும் ஊற்றி, ஆவி எழும்போதே கழுவிய எலும்புகளை இறக்கி, வைக்கோல் பாயால் மூட வேண்டும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். மண் ஆறியதும் எடுத்து, எண்ணெய் பூசிய சிவப்புக் குடை நிழலில் பார்த்தால், உயிரோடு இருக்கும்போது பட்ட அடி செந்நிறக் கோடாகத் தெரியும் என்கிறது கையேடு. மழை, மேகம் என்றால் குடை உதவாது. புளிக்காடியில் போட்டுக் காய்ச்ச வேண்டும். எல்லாம் சரி, ஆனால் டி செத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் கழித்து எழுதியது. அவர் கையில் அந்தக் குடையைக் கொடுக்காதீர்கள். வெள்ளி ஊசி கறுத்தால் விஷம் என்பதையும் நம்ப வேண்டாம்: கறுக்க வைப்பது கந்தகம், முட்டை மஞ்சள்கருவில் வைத்தாலும் கறுக்கும்.

டிக்குத் தாராளமாகக் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் ஜூரோங் என்ற ஊர் நீதிபதி இரண்டு பன்றிகளை எரித்துப் பார்த்தார். ஒன்று கொன்று எரித்தது, மற்றது உயிரோடு எரித்தது. உயிரோடு எரிந்ததன் வாயில் மட்டும் சாம்பல். தீ விபத்தில் செத்ததாகச் சொல்லப்பட்ட கணவனின் வாயில் சாம்பல் இல்லை, மனைவி ஒப்புக்கொண்டாள். டியின் காலத்துக்கு இது பழைய கதை, அவர் படித்திருக்கலாம்.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் இடைஞ்சல் ஒன்று. லீ, லின், லியு, லூ என்று ஒரே வழக்கில் நால்வரை விட்டால் வாசகர் மூன்றாம் பக்கத்தில் தொலைந்துவிடுவார். சாங், ஜாங், ஜியாங் மூவரும் அப்படியே. ஒரு வழக்குக்குள் முதலெழுத்து மோதாமல் பெயர் வையுங்கள். மோதினால் ‘எண்ணெய்க் கடை லின்’ என்று தொழிலை ஒட்டிவிடுங்கள். மிளகாயை மட்டும் அந்தக் கடையில் தொங்கவிடாதீர்கள், அது சீனாவுக்கு வர இன்னும் எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகும்.