ஜாப் சுத்துதா, டூல் சுத்துதா? கஸ்டம்ஸில் மாட்டிய எங்கள் மெஷின்

இறக்குமதிச் சரக்கைக் கஸ்டம்ஸுக்கு அறிவிக்கும் பில் ஆஃப் என்ட்ரியைப் போட்ட மூன்றாம் நாள் காலையில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் கூப்பிட்டார். "சார், கொயரி விழுந்திருக்கு. 8457ல ஏன் போட்டீங்கன்னு கேக்கறாங்க."

கோவையில் வால்வு பாகங்கள் கடையும் ஒரு சின்ன கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறேன். பதினோரு டன் எடையில், டர்னிங் (ஜாப், அதாவது கடையும் உலோகத் துண்டு, சுற்றுவது), மில்லிங் (டூல் சுற்றி வெட்டுவது) இரண்டையும் செய்யும் ஒரு மில்-டர்ன் மெஷினை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தோம். இரண்டு ஸ்பிண்டில், டூல்களைத் தாங்கித் திரும்பும் டர்ரெட் இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்து திரும்பும் ஒரு மில்லிங் ஹெட், பக்கத்தில் 36 டூல் பிடிக்கும் மேகசின். கேட்லாக் அட்டையில் 'மல்டி டாஸ்கிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். லேத் என்ற சொல் உள்ளே ஒரு பக்கத்திலும் இல்லை.

சுங்க டாரிஃப் புத்தகத்தில் 8457 மெஷினிங் சென்டருக்கான தலைப்பு, 8458 லேத்துக்கு. அடிப்படைச் சுங்கம் இரண்டுக்கும் 7.5 சதவீதம்தான். அப்புறம் எதில் போட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நாங்கள் இறக்கியது இபிசிஜி லைசென்ஸில். மெஷினுக்குச் சுங்கம் கட்ட வேண்டாம். மிச்சமாகும் வரியைப் போல ஆறு மடங்குக்கு ஆறு வருடத்தில் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். அந்த லைசென்ஸில் இருந்த எண் 8457. கஸ்டம்ஸ் 8458 என்று சொல்லிவிட்டால் லைசென்ஸ் ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம்.

அந்த எண் எப்படி வந்தது என்று பழைய ஃபைலைப் புரட்டினேன். முன்பு ஒரு விஎம்சி (செங்குத்து மெஷினிங் சென்டர்) வாங்கியபோது போட்ட விண்ணப்பத்தை அப்படியே எடுத்து, மெஷின் பெயரை மட்டும் மாற்றியிருந்தோம். மாற்றியது நான்தான்.

அன்று ராத்திரி டாரிஃப் புத்தகத்தின் 84ஆம் அத்தியாயக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேகசினிலிருந்து தானாக டூல் மாற்றிக்கொண்டு பலவித வேலை செய்யும் உலோக மெஷின்கள் 8457இல் வரும் என்கிறது குறிப்பு 4. எங்கள் மெஷினும் அதைத்தானே செய்கிறது! ஆனால் அதே வாக்கியத்தின் நடுவில் 'லேத்துகள் நீங்கலாக' என்று இருக்கிறது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'டர்னிங் சென்டர்கள் உட்பட'. லேத் என்று ஆகிவிட்டால் எத்தனை டூலை அது தானாக மாற்றினாலும் 8457 பக்கம் போக முடியாது.

சரி, இது லேத்தா? மறுநாள் ஷாப்பில் ஃபோர்மேன் அண்ணனிடம் கேட்டேன். முப்பது வருஷம் லேத்தில் நின்றவர்.

"ஜாப் சுத்துதா, டூல் சுத்துதா? ஜாப் சுத்துனா லேத்துங்க."

"இதுல ரெண்டும் சுத்துதுங்கண்ணா."

"அப்போ எந்த வேலைக்குன்னு வாங்குனோம்? அதைச் சொல்லுங்க."

டாரிஃப் புத்தகத்தை அவர் தொட்டதுகூட இல்லை. ஆனால் அதில் 16ஆம் பிரிவின் குறிப்பு 3 சொல்வதும் அதேதான்: பல வேலை செய்யும் மெஷினை அதன் முதன்மை வேலையை வைத்து வகைப்படுத்து. எது முதன்மை என்று தீர்க்கவே முடியாவிட்டால் வகைப்படுத்தலுக்கான பொது விதி 3(சி)க்குப் போய், பொருந்தும் தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அது மில்லிங் மெஷின்களுக்கான 8459 ஆகிவிடும்.

சண்டை போடுவதில்லை என்று முடிவு செய்தேன். கிடைமட்ட சிஎன்சி லேத்துக்கான 8458.11ஐ ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் போட்டோம். இரண்டு நாளில் அடுத்த கொயரி: மில்லிங் ஹெட்டும் இருக்கிறதே, டர்னிங்தான் முதன்மை என்பதற்கு என்ன ஆதாரம்? நேரில் போய் விளக்கலாம் என்றால், மதிப்பீடு செய்பவர் வேறு ஊரில். 2020 ஜூனில் முகமறியா மதிப்பீடு தொடங்கியபோது முதலில் அதற்குள் போனவை 84, 85 அத்தியாயங்கள்தான். எல்லாம் எழுத்தில்தான் ஓட வேண்டும். எனக்கு அது நல்லதாகவே பட்டது, எழுத உட்காரும்போதுதானே நமக்கே விஷயம் தெளிகிறது.

இந்த முறை கேட்லாக்கை அனுப்பவில்லை. மெயின் ஸ்பிண்டில் 15 கிலோவாட், மில்லிங் ஹெட் 7.5 கிலோவாட் என்று காட்டும் டிராயிங் பக்கம். எங்கள் வால்வு பாடியின் சைக்கிள் டைம் ஷீட்: மொத்தம் 14 நிமிடத்தில் ஒன்பதுக்கு மேல் டர்னிங், மிச்சம் மில்லிங், டிரில்லிங். சக்கில் ஜாப் கட்டியிருக்கும் படம் ஒன்று. பிறகு, தன் ஊரில் ஏற்றுமதிப் பத்திரத்தில் தானே 8458 என்றுதான் போட்டதாக மெஷின் கம்பெனி கொடுத்த கடிதம். இதை முதலிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எண்ணை ஒத்துக்கொண்டார்கள்.

கூடவே இன்னொன்று. மெஷினோடு வந்த கூடுதல் டூல் ஹோல்டர்களையும் கார்பைடு இன்செர்ட்டுகளையும் (டூலில் மாட்டும் வெட்டு முனைகள்) இன்வாய்ஸில் மெஷின் விலைக்குள்ளேயே சேர்த்திருந்தார்கள். ஹோல்டர் 8466, இன்செர்ட் 8209 என்று தனியாகப் பிரிக்கச் சொன்னார்கள். இரண்டும் லைசென்ஸ் பட்டியலில் இல்லை. வரி கட்டினோம்.

லைசென்ஸில் எண்ணைத் திருத்தி வாங்க ஒன்பது நாள் ஆனது. அதுவரை பாண்டு, பேங்க் கேரண்டி கொடுத்து சுங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீட்டில் எடுக்கலாம் என்றார் ஏஜென்ட். கேரண்டி என்றதும் முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். கன்டெய்னர் யார்டில் மெஷின் தார்ப்பாய்க்குள் நின்றது, டெமரேஜ் (தாமதக் கட்டணம்) மீட்டர் ஓடியது.

இப்போது இரண்டாவது மெஷினுக்குப் பேச்சு நடக்கிறது. இதில் கிரைண்டிங்கும் உண்டாம். ஆர்டர் போடுவதற்கு முன்பே, எந்த எண் என்று முன்கூட்டியே தீர்த்துச் சொல்லும் அட்வான்ஸ் ரூலிங் கேட்டுவிடலாம் என்றேன். விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய், மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு, கிடைத்தால் கஸ்டம்ஸையும் அது கட்டுப்படுத்தும்.

"மூணு மாசமா?" என்றார் முதலாளி.

போன மெஷினின் டெமரேஜ் பில்லை எடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியைப் பார்த்தார்.

"ஃபாரம் எங்கே?"