ம்ட்வாராவில் எழுத்துக்கூட்டிய ஒன்றரை ஆண்டு

மூன்று மாதத்திற்கு ஒருமுறை எங்கள் சபையின் மிஷனெரிக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைப் படிவத்தில் ஐந்து கட்டங்கள் உண்டு: சந்தித்த கிராமங்கள், நடத்திய கூட்டங்கள், கொடுத்த கைப்பிரதிகள், ஆயத்த வகுப்பில் சேர்ந்தோர், ஞானஸ்நானம் பெற்றோர். தான்சானியாவுக்கு வந்த முதல் ஒன்றரை ஆண்டில் நாங்கள் அனுப்பிய ஆறு படிவங்களிலும் இந்தக் கட்டங்கள் பெரும்பாலும் காலியாகவே இருந்தன. எங்களை அனுப்பியவர்களில் பலர், குமரி மாவட்டத்து மயிலாடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, அதை விற்ற காசைக் காணிக்கையாகக் கொடுத்த பெண்கள். அவர்கள் முன் காலிக் கட்டங்களை வைப்பதற்குக் கை கூசியது. அந்த ஒன்றரை ஆண்டில் என்னதான் செய்தோம் என்பதை, இனிப் புறப்பட இருக்கும் தம்பதியருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. தென்னிந்தியத் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது என்பதால், தான்சானியாவின் தென்கோடியிலுள்ள ஒரு மறைமாவட்டம் எங்களை முறைப்படி அழைப்பதில் சிக்கல் இருக்கவில்லை. சிக்கல் முழுவதும் எங்கள் பெயர்களில் இருந்தது. நம் ஊரில் தலைப்பெழுத்தோடு வாழ்ந்துவிடுகிறோம். வெளிநாட்டு விண்ணப்பங்களோ குடும்பப் பெயரைக் கேட்கின்றன. என் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுமையாக விரிந்திருந்தது, சபை கொடுத்த கடிதத்தில் அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தது. என் மனைவிக்குப் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயரும், சபைக் கடிதத்தில் என் பெயரும், பட்டச் சான்றிதழில் வெறும் தலைப்பெழுத்தும் இருந்தன. ஒரே பெண் மூன்று பேராக நின்றாள். இதைப் புறப்படுவதற்கு முன்பே கவனித்திருந்தால் எங்களுக்கு ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

சான்றிதழ்களை லேமினேட் செய்து வைப்பது நம் வீடுகளில் ஒரு பெருமை. மனைவியின் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழையும் அவள் அப்பா அப்படித்தான் பத்திரப்படுத்தியிருந்தார். சான்றொப்ப முத்திரையைப் பின்புறத் தாளில் குத்த வேண்டும், பிளாஸ்டிக்கின் மேல் குத்த முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உறையைப் பிரிக்கப் பார்த்தால் தாளும் சேர்ந்து கிழிந்தது; ஆகவே இரண்டாம் படிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தோம். காவல்துறைச் சான்றுக்குத் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்துக்கு ஒருமுறையும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குத் தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகத்துக்கு ஒருமுறையும் போய்வந்தோம். எங்கள் விமானம் மஞ்சள் காய்ச்சல் உள்ள எத்தியோப்பியாவின் ஆடிஸ் அபாபா வழியாகச் சென்றதால் அந்த ஊசியைத் தவிர்க்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டுவிட வேண்டும். 2016ஆம் ஆண்டிலிருந்து அந்த ஊசிக்குச் சான்றான மஞ்சள் அட்டை ஆயுள் முழுவதும் செல்லும்.

தான்சானியாவில் வெளிநாட்டவர்க்கான குடியிருப்பு அனுமதி மூன்று வகை: முதலீட்டாளர்க்கு 'ஏ', வேலைக்கு வருவோர்க்கு 'பி', மாணவர், ஆய்வாளர், தொண்டர், மிஷனெரி போன்றோர்க்கு 'சி'. நகரத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், விரைவில் முடித்துத் தருவதாகக் கூறிப் பணம் வாங்கிக்கொண்டு எங்களுக்கு 'பி' வகையில் விண்ணப்பித்துவிட்டார். அது திரும்பிவந்தது. மறைமாவட்ட அலுவலகமே 'சி' வகையில் மறுபடி விண்ணப்பித்தபோது மேற்சொன்ன பெயர்க் குழப்பம் தலைகாட்டியது. ஊரிலிருந்து சபை புதிய கடிதம் அனுப்பும்வரை தற்காலிக அனுமதியில் தங்கினோம். அந்த நிலையில் ஊழியம் எதுவும் செய்யக் கூடாது என்பது சட்டம், அதற்குக் கட்டுப்பட்டே இருந்தோம். முதல் இரண்டு படிவங்கள் காலியாகப் போனதன் காரணம் இதுதான். ஆனால் அந்த ஐந்து மாதத்தை வீணென்று சொல்ல மாட்டேன், ஏனெனில் அதில் நான்கு மாதத்தை மொரோகோரோவில் ஒரு மொழிப் பள்ளியின் பெஞ்சில் கழித்தோம்.

சுவாஹிலி தமிழருக்குக் கடினமான மொழி அன்று, ஆனால் தலைகீழான மொழி. நாம் 'உன்னைப் பார்த்தேன்' என்று சொல்லும்போது 'நான்' என்பது வினையின் வாலில் 'ஏன்' ஆக ஒட்டிக்கொள்கிறது. அவர்கள் 'நிலிகுஓனா' என்பார்கள். 'நி' நான், 'லி' இறந்தகாலம், 'கு' உன்னை, 'ஓனா' பார். நாம் கடைசியில் கட்டும் முடிச்சை அவர்கள் முதலிலேயே கட்டிவிடுகிறார்கள். மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் விளவங்கோடு பக்கத்தில் வளர்ந்த என் மனைவிக்கு இது எனக்கு முன்னரே பிடிபட்டது. உறவுச் சொற்கள்தான் அவளைச் சிரிக்க வைத்தன. திருமணமான பெண்ணை அங்கே மூத்த பிள்ளையின் பெயரோடு 'மாமா' சேர்த்து அழைப்பார்கள், அந்த மொழியில் அதற்குத் தாய் என்று பொருள். 'நாகர்கோவிலில் இறங்கினால் நான் மறுபடி அத்தை ஆகிவிடுவேனா?' என்று கேட்டாள்.

என்னைத் திணறடித்தது கடிகாரம். அவர்களுடைய நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. மூப்பர்கள் கூட்டத்துக்கு 'ஸா ந்னே', அதாவது நான்கு மணிக்கு வரச் சொன்னதை நம்பி மாலை நான்குக்குப் போனால் கோயில் கதவு பூட்டிக் கிடந்தது. கூட்டம் காலை பத்துக்கே தொடங்கி முடிந்திருந்தது. வெட்கத்தோடு வீடு திரும்பிய அன்று இரவு, மத்தேயு 27ஆம் அதிகாரத்தைச் சுவாஹிலியில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆறாம் மணி நேரமுதல் ஒன்பதாம் மணி நேரம்வரைக்கும் பூமியெங்கும் அந்தகாரம் உண்டாயிற்று என்ற இடத்தில், ஆறாம் மணி என்றால் நண்பகல் என்று நம் ஓய்வுநாள் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் பெரிய வெள்ளிக்கு விளக்கிக்கொண்டிருப்போம். இங்கே அந்த விளக்கம் எந்தக் குழந்தைக்கும் தேவையில்லை. ஆறு மணி என்றால் வெயில் உச்சியில் நிற்கும் நேரம் என்பது ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். விளக்கம் தேவைப்பட்டது எனக்குத்தான்.

அனுமதி கிடைத்ததும் தார் எஸ் ஸலாமிலிருந்து பேருந்தில் தெற்கே கிளம்பினோம். ருஃபிஜி ஆற்றுப் பாலத்தைக் கடந்து, கடலோரமாக ஏறத்தாழ 560 கிலோமீட்டர் போனால் ம்ட்வாரா. மெய்யெழுத்தில் தொடங்கும் ஊர்ப்பெயர் என் மாமியாரின் நாவில் ஏறவே இல்லை, அவருக்கு அது இன்றுவரை 'முத்துவாரா'. அங்கிருந்து உள்ளே ஏறினால் மகோண்டே மக்களின் பீடபூமி. நாங்கள் தங்கியுள்ள சிற்றூர் அதன் மேல் இருக்கிறது. மணற்பாங்கான நிலம் என்பதால் பெய்த மழை நிற்காமல் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு பருவமழை பார்த்துப் பழகிய எங்களுக்கு, நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரலோடு முடியும் ஒரே மழைக்காலத்தில் கூரைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து ஆண்டு முழுவதும் எண்ணி எண்ணிச் செலவழிப்பது புதுப் பாடம். காலை ஐந்தரைக்கு எழுந்தவுடன் நான் செய்யும் முதல் வேலை, குச்சியை விட்டுத் தொட்டியின் மட்டம் பார்ப்பது. மலேரியா இருவருக்கும் இரண்டு முறை வந்துபோயிற்று.

உணவில் மட்டும் அந்நியம் தோன்றவில்லை. மரச்சீனிக் கிழங்கை உணக்கி இடித்த மாவில் உகாலி என்ற களி கிண்டுகிறார்கள், தேங்காய்ப்பால் ஊற்றி மீன் சமைக்கிறார்கள். தேங்காய் துருவ உட்காரும் பலகை நம் திருவலையேதான், அதை அவர்கள் தேங்காய் ஆடு என்கிறார்கள். மரச்சீனி இலையையும் உரலில் இடித்துக் 'கிசாம்வு' என்று சமைத்து உண்கிறார்கள். இதைத் தொலைபேசியில் கேட்ட மாமியார், "அது ஆடு திங்குத எலையல்லா மக்களே!" என்று பதறினார். இடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. எல்லோரையும்போல நாங்களும் அவரைப் 'பீபி', பாட்டி, என்றே அழைக்கிறோம். அவர் இஸ்லாமியர், ஊரில் பாதிக்கு மேற்பட்டோரும் அப்படியே. முதல் வாரம் நான் அவர் முற்றத்தில் நின்று கைகூப்பி வணக்கம் தெரிவித்தபோது அவர் பதில் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுக்க வேண்டும், 'கரிபு' என்று அழைத்த பிறகே உள்ளே அடி வைக்க வேண்டும், மூத்தவரிடம் 'ஷிகாமோ' சொல்லி அவர் 'மராஹபா' என்று ஏற்றுக்கொண்ட பிறகே வேறு பேச்சு என்பதை, அவருடைய பேத்தி எனக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்தாள். ஐந்தாம் நாள் பீபி 'மராஹபா' என்றார். ஞானஸ்நானக் கட்டத்தில் எழுத முடியாத அந்த நிகழ்ச்சியை நான் என் நாட்குறிப்பில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் பிரசங்கம் வந்து சேர்ந்து பதினொரு மாதம் கழித்து. தாளில் எழுதி, உள்ளூர்ப் போதகரிடம் திருத்தம் வாங்கி, மனப்பாடம் செய்திருந்தேன். அங்கே ஓகோவா என்றால் இரட்சிப்பது, ஓகா என்றால் ரொட்டி சுடுவது. மேடையில் நின்ற பதற்றத்தில் ஓர் அசையை விழுங்கிவிட்டு, இயேசு சுடுகிறார், உங்களையும் சுடுவார் என்று மூன்று முறை உரக்க அறிவித்தேன். சபையார் சிரிக்கவில்லை, ஒவ்வொரு முறையும் மரியாதையாக 'ஆமினா' என்றார்கள். ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த சேவலையும் கிழங்கையும் முற்றத்தில் ஏலம் விட்டபோதுதான் (நம் அறுப்பின் பண்டிகை ஏலத்தின் அதே ஆரவாரம்) ஒரு முதியவர் என் தோளைத் தொட்டு, "போலே, போதகரே, சரியான சொல் இது" என்று மெல்லத் திருத்தினார். 'போலே' என்பதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் கிடையாது. கால் இடறினாலும், வேலை செய்து களைத்திருந்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும் அவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கிடையே குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓராண்டு கழிந்தும் ஆத்தும ஆதாயம் இல்லையே என்று வருத்தத்தோடு கேட்டிருந்தார்கள். கோபம் வந்தது, மறைப்பதற்கில்லை. பிறகு மிஷனெரி ரிங்கல்தௌபே அவர்களை நினைத்துக்கொண்டேன். மகாராசன் வேதமாணிக்கம் அழைத்து மயிலாடிக்கு வந்த அவரைத்தான் நம் சபையின் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். அவர் 1804இல் தரங்கம்பாடியில் இறங்கினார், திருவிதாங்கூருக்குள் நுழைந்தது 1806இல். இடைப்பட்ட காலத்தில் தமிழ் கற்றார். அந்த நாளில் அவரிடம் யாராவது காலாண்டுப் படிவம் கேட்டிருந்தால் அவரும் காலிக் கட்டங்களையே அனுப்பியிருப்பார் என்று பதில் எழுதினேன். மனைவி அந்த வரியை அடித்துவிட்டு, "பொறுத்துக்கொள்ளுங்கள், படித்துக்கொண்டிருக்கிறோம்" என்று மாற்றினாள். அவள் எழுதியதே நன்று.

ஊர் எங்களுக்குத் திறந்துகொண்டது ஒரு கொட்டையால். என் மாமியார் கருங்கல் பக்கத்தில் 22 ஆண்டு அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை செய்தவர். கொல்லங்கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கட்டையால் தல்லித் தல்லி, வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்துத் தடித்தவர். நம் ஊரில் கொல்லாமரம் மாசி முதல் வைகாசி வரை காய்க்கும், அது ஆபீசுகளுக்கு ஆண்டு முழுவதும் போதாது. மீதி மாதங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டைகள் வரும். இங்கே அறுவடை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பீடபூமி முழுவதும் கொல்லாமரம்தான், 'கொரோஷோ' என்கிறார்கள், பெரும்பகுதி ஓட்டோடு கப்பலேறிவிடுகிறது.

கோயில் தாழ்வாரத்தில் மனைவி தையல் வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் வரை பெண்கள் பேச்சைக் குறைத்துத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒருத்தி மடியில் பச்சைக் கொட்டை கொண்டுவந்திருந்தாள். மனைவி அதில் ஒன்றை எடுத்து, அடுப்புச் சாம்பலை விரல்களில் தேய்த்துக்கொண்டு, சின்ன வயதில் அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்து பார்த்தபடி, ஓட்டின் முதுகில் ஒரே தட்டில் பருப்பு உடையாமல் பிளந்து காட்டினாள். பிறகு தொலைபேசியில் அம்மாவை முகத்தோடு அழைத்து, அந்த இரண்டு விரல்களைக் காட்டச் சொன்னாள். தங்கள் தோட்டத்துக் கொட்டை கடல் கடந்து எங்கே போகிறது, யார் கையில் உடைகிறது என்று அந்தப் பெண்களுக்கு அதுவரை தெரியாது. அவர்களில் மூத்தவள் தன் கையை நீட்டினாள். வீட்டில் சட்டியில் சுட்டு உடைத்ததில் அவளுக்கும் அதே இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. "போலே, மாமா" என்றாள் திரையைப் பார்த்து. மாமியாருக்குப் பொருள் விளங்கவில்லை, ஆனாலும் அழுதார்.

அடுத்த வாரம் வகுப்புக்கு ஐந்து பேர் கூடுதலாக வந்தார்கள், அவர்களில் மூவர் இஸ்லாமியர். தையல் முடிந்ததும் ஒரு வேதபகுதியை மனைவி வாசிப்பாள். விரும்பாதவர் எழுந்து போகலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். சிலர் போவார்கள், சிலர் இருப்பார்கள், போனவர்கள் மறுநாளும் வருவார்கள்.

இப்போது அனுமதியைப் புதுப்பிக்கும் காலம். இம்முறை பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே எல்லாத் தாள்களிலும் இருக்கின்றன, எந்தத் தாளுக்கும் பிளாஸ்டிக் உறை இல்லை. சென்ற படிவத்தில் 'நடத்திய கூட்டங்கள்' என்ற கட்டத்தில் தையல் வகுப்பு 11 என்று எழுதினோம், தையல் வகுப்பைக் கூட்டமாகக் கொள்ளலாமா என்று குழுவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் எழுதவில்லை. நாளை பீபியின் தோட்டத்தில் கொட்டை பொறுக்க வேண்டும். ஒரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், ஆகவே நம் கடிகாரத்தில் ஆறு மணிக்கு எழுந்தால் போதும்.